ஒரு புட்டியும் ஒரு கோழியும்

உணவைப் பற்றிப் பேசுவது எளிது. உணவை ஆக்குவதே அரிது. பேசும்போது உப்புக் கூடினால் யாருக்கும் தெரியாது. ஆக்கும்போது கூடினால் வீடு முழுவதற்கும் தெரிந்துவிடும். அவ்வாறு வீடு முழுவதற்கும் தெரியும்படி ஒரு நாள் நான் செய்த பிழையைச் சொல்லி, அதிலிருந்து கற்ற பாடத்தையும் உங்களுக்குச் சொல்வதே இன்றைய என் பேச்சின் நோக்கம். பொருள், சீன முறையில் சோயா சாஸில் வேகவைக்கும் கோழி. இடம், செஞ்சியில் எங்கள் வீட்டுச் சமையலறை.

செஞ்சிக்கும் சீனத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் ராஜகிரி தெரியும். கொஞ்சம் எழுந்து நின்றால் கிருஷ்ணகிரியும் தெரியும். 1677இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை அது. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டு நின்ற கோட்டை. 1714இல் தேசிங்கு ராஜன் உயிர் கொடுத்த மண். பின்னர் பிரெஞ்சுக்காரர் வந்தனர். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் வந்தனர். 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் இக்கோட்டையும் ஒன்றாயிற்று. இத்தனை பேர் வந்துபோன ஊரிலும் சீனர் வந்ததாக வரலாறு இல்லை. எங்கள் அடுப்பில் வெந்தவை கேழ்வரகுக் களியும், கருவாட்டுக் குழம்பும், மல்லாட்டைத் துவையலுமே. ஆயினும் சீனத்துக் கோழி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. அது நேரே வரவில்லை. ரங்கூன் வழியாக வந்தது. அதைக் கொண்டுவந்தவர் என் தாயைப் பெற்ற ஆயா.

ஆயா பிறந்தது 1930இல், ரங்கூனில். அவருடைய தந்தை செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிப் பர்மாவுக்குக் கப்பலேறியவர். அக்காலத்தில் தமிழ் நாட்டிலிருந்து பல்லாயிரம் பேர் அவ்வாறு சென்றனர். அரிசி ஆலைகளிலும், துறைமுகத்திலும், வட்டிக் கடைகளிலும் தமிழ் ஒலித்த நகரம் அன்றைய ரங்கூன். ஆயாவை மணந்த என் தாத்தா அங்கே ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதினார். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் அடுத்த வீடு ஒரு சீனக் குடும்பத்தினுடையது. கான்டன் பகுதியிலிருந்து வந்தவர்கள். அவ்வீட்டு அம்மையாரை ஆயா 'சீனத்தக்கா' என்றே கடைசிவரை குறிப்பிட்டார். இவருக்குச் சீனம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் தெரிந்த அரைகுறைப் பர்மிய மொழியில் இருபது ஆண்டு நட்பு நடந்தது. என் தாய் பிறந்தபின், ஆயா உடல் தேறி வந்த நாட்களில், சீனத்தக்கா ஒரு கிண்ணத்தில் கறுத்துப் பளபளக்கும் கோழித் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாராம். அதுதான் முதல் சுவை. பிறகு பண்டிகைதோறும் அது வரும். இங்கிருந்து அதிரசமும் முறுக்கும் போகும்.

1962 மார்ச்சு மாதத்தில் பர்மாவில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1964இல் கடைகளும் வணிக நிலையங்களும் அரசுடைமை ஆயின. அதே ஆண்டு மே மாதத்தில் ஐம்பது கியாத்து, நூறு கியாத்து நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. ஆண்டாண்டாய்ச் சேர்த்தது ஒரே நாளில் காகிதமாயிற்று. அடுத்து வந்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். அவர்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. இவர்களை 'நாடு திரும்பியோர்' என்று ஏடுகளில் எழுதினார்கள். பர்மாவிலேயே பிறந்த ஆயாவுக்கு அது திரும்புதல் அன்று. தாம் ஒருபோதும் கண்டிராத ஊருக்கு முதல்முறையாக வந்து சேர்தல்.

புறப்படும் நாளில் சீனத்தக்கா ஒரு சிறு புட்டியில் சோயா சாஸை நிரப்பி, வாயை மெழுகால் அடைத்து, ஆயாவின் கையில் கொடுத்தார். தங்கத்தைக் கொண்டுவர முடியாத கப்பலில் அந்தப் புட்டி வந்தது. முகாமில் இருந்த நாட்களில், வெறுஞ்சோற்றில் இரண்டு துளி விட்டுப் பிசைந்து, என் தாய்க்கு ஊட்டினாராம். நான்கு மாதத்தில் தீர்ந்துவிட்டது. காலிப் புட்டியை ஆயா எறியவில்லை. செஞ்சிக்கு வந்தபின் அதில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்தார். நான் சிறுவனாய் இருந்தபோது தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டது அந்தப் புட்டியிலிருந்துதான். அதன் கதை எனக்கு அப்போது தெரியாது.

1967 ஜூன் மாதத்தில் ரங்கூனில் சீனர்மீது கலகக் கும்பல்கள் பாய்ந்தன. வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன, பலர் உயிரிழந்தனர். செஞ்சியில் பக்கத்து வீட்டு வானொலியில் ஆயா அந்தச் செய்தியைக் கேட்டார். சீனத்தக்காவின் முகவரிக்கு அஞ்சலட்டை போனது. பதில் வரவில்லை. அந்த வீட்டுக்கு என்ன ஆயிற்று என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

இனி என் பிழைக்கு வருகிறேன். ஆண்டு 1991. நான் கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஆயாவுக்குக் கண்களில் புரை முற்றியிருந்தது. அடுப்படிக்கு வருவதை நிறுத்திவிட்டார். விடுமுறைக்கு வந்த நான், "ஆயா, உனக்கு என்ன வேண்டும்? வாங்கி வருகிறேன்" என்று பெருமையாகக் கேட்டேன். புடவை கேட்பார், வெற்றிலைப் பெட்டி கேட்பார் என்று எண்ணினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் கறுப்புக் கோழி ஒரு வாய் கிடைக்குமா, கண்ணு?" என்றார்.

அந்நாளில் செஞ்சிக் கடைகளில் சோயா சாஸ் கிடைக்கவில்லை. புதுச்சேரிக்குப் பேருந்தில் போய் 200 மில்லிலிட்டர் புட்டி ஒன்று வாங்கி வந்தேன். அடுப்பில் சட்டியை வைத்தேன். என் தாய் அருகில் வந்தபோது, "நீ போ அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். வெங்காயத்தை வதக்கினேன். கோழிக் குழம்புக்குப் போடுவதைப் போல இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டேன். முற்றிய நாட்டுக்கோழியைத் துண்டுகளாக்கிப் போட்டேன். புட்டி முழுவதையும் கவிழ்த்தேன். தீயைக் கொழுந்துவிட்டு எரியச் செய்து, சாறு வற்றும்வரை கொதிக்கவைத்தேன். நிறம் மிக அழகாக வந்தது. ஆயாவின் தட்டில் முதல் துண்டை வைத்தேன்.

அவர் ஒரு வாய் உண்டார். மெல்ல மென்றார். சொம்பை எடுத்து நீண்ட நேரம் நீர் குடித்தார். "நன்றாக இருக்கிறது, கண்ணு" என்றார். பிறகு நான் ஒரு துண்டை வாயில் வைத்தேன். கடலுக்குள் கிடந்த தோலைக் கடித்தாற்போல இருந்தது. இருபத்தேழு ஆண்டு காத்திருந்தவரின் வாயில் நான் உப்பளத்தைப் போட்டுவிட்டேன். அதைவிட வருத்தியது, அவர் குறை சொல்லாததுதான். முற்றிலும் அயலான உணவைப் பற்றி விருந்தாளி குறை சொல்வதில்லை அல்லவா? அவரும் விருந்தாளியைப் போலவே பேசிவிட்டார்.

மாணவர்களே, நான் வேதியியல் மாணவன். புட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைக்கூடப் படிக்காமல் சமைத்தவன். அன்றிரவு கணக்குப் போட்டேன். நீங்களும் என்னோடு போட்டுப் பாருங்கள். சோயா சாஸில் நூற்றுக்குப் பதினாறு முதல் பதினெட்டுப் பங்கு வரை உப்பு உண்டு. அப்படியானால் 200 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 34 கிராம். ஒரு தேக்கரண்டி உப்பு சுமார் 6 கிராம் என்று கொண்டால், அது கிட்டத்தட்ட ஆறு தேக்கரண்டி. அதன்மேல் நான் போட்டது இரண்டு. ஒரு கோழிக்கு எட்டுத் தேக்கரண்டி உப்பு! ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புக் கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நான் ஒரு நேரக் குழம்பில் ஏறக்குறைய ஒன்பது பேருடைய நாள் உப்பைக் கரைத்திருந்தேன்.

அப்படியானால் இந்தச் சாஸ் என்பது என்ன? வெறும் கறுப்பு உப்புநீரா? அன்று. அதன் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அதை எப்படிக் கையாள்வது என்பதும் தெரிந்துவிடும்.

சோயா மொச்சையை ஊறவைத்து அவிக்கிறார்கள். அதனுடன் கோதுமையைச் சேர்த்து, அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்னும் நல்ல பூஞ்சணத்தை அதன்மேல் வளர விடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் மொச்சையைப் போர்த்துவிடும். பிறகு அதை உப்புநீரில் போட்டு, பெரிய சாடிகளில் மாதக்கணக்கில் விட்டுவைக்கிறார்கள். பூஞ்சணம் என்றதும் முகம் சுளிக்க வேண்டா. இரவில் அரைத்து வைத்த இட்டிலி மாவு காலையில் பொங்கி நிற்பதும், பால் தயிராவதும் நுண்ணுயிர்களின் வேலைதானே? இட்டிலிக்கு ஓர் இரவு. இதற்குப் பல மாதம். அவ்வளவே வேறுபாடு. உப்பு இங்கே காவலாளி. கெட்ட கிருமிகளை அது உள்ளே விடாது. உப்பைத் தாங்கும் நல்ல கிருமிகளை மட்டும் வேலை செய்ய விடும். நம் ஊறுகாய்ச் சாடியிலும் கருவாட்டிலும் அதே காவலாளி நிற்கிறான்.

அம்மாதங்களில் மொச்சையின் புரதம் சிதைந்து அமினோ அமிலங்களாகிறது. அவற்றுள் ஒன்று குளூட்டாமிக் அமிலம். 1908இல் தோக்கியோவில் இக்கெடா என்னும் வேதியியல் அறிஞர் கடற்பாசிச் சாற்றை ஆராய்ந்து, அதன் தனிச்சுவைக்குக் காரணம் குளூட்டாமிக் அமிலமே என்று கண்டார். அச்சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். நாம் அறுசுவை என்கிறோம். நன்றாக வெந்த இறைச்சிச் சாறும், கனிந்த தக்காளியும், கருவாட்டுக் குழம்பும் நாவில் நின்று நிலைக்கும் அந்தச் சுவையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நாமும் யோசிக்கலாம்.

பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானியர் இதை 'ஷோயு' என்பர். டச்சு வணிகர் அப்பெயரை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றனர். அங்கே அது 'சோயா' என்று திரிந்தது. பின்னர், எந்தப் பயற்றிலிருந்து சாஸ் வந்ததோ அந்தப் பயற்றுக்கே சாஸின் பெயர் வைக்கப்பட்டது. நம் தெருவில் ஒரு பெண்மணியை 'முருகன் அம்மா' என்று பிள்ளையின் பெயரால் அழைக்கிறோமே, அதைப் போல.

இவ்வாறு பல மாதம் பழுக்கவைக்காமல், அமிலத்தைக் கொண்டு புரதத்தைச் சில நாளில் சிதைத்து, வறுத்த சர்க்கரையால் நிறமூட்டி விற்கும் சாஸும் சந்தையில் உண்டு. ஆதலால் வாங்கும்போது சீட்டைப் படியுங்கள். சோயா, கோதுமை, உப்பு, நீர் என்று தொடங்கி, 'இயற்கையாகப் புளிக்கவைத்தது' என்றும் இருந்தால் நல்லது.

மறுநாள் காலையில் நான் ஆயாவின் அருகில் உட்கார்ந்து, "ஆயா, நேற்று என்ன குறை? சீனத்தக்கா எப்படிச் செய்வார்? சொல்" என்று கேட்டேன். முதலில் மறுத்தார். நான் விடவில்லை. அளவு தெரியாது என்றார். அவர் ஒருபோதும் அதைச் சமைத்தவர் அல்லர், உண்டவர், சுவர்மேல் சாய்ந்துகொண்டு பார்த்தவர். அவரிடம் இருந்தவை மூன்று செய்திகளே. "அவள் உப்புப் பானையைத் தொடவே மாட்டாள். சட்டி கொதிக்கும் சத்தமே எனக்குக் கேட்காது. வெல்லம் போடுவாள்." இந்த மூன்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

உப்பைத் தொடாததன் காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும். கொதிக்கும் சத்தம் கேட்காததன் காரணத்தைச் சொல்கிறேன். இறைச்சியின் தசைப் புரதங்கள் கடுஞ்சூட்டில் இறுகிச் சுருங்கும். துணியைப் பிழிவது போலத் தம்முள் இருக்கும் நீரை வெளியே பிழிந்துவிடும். அதனால்தான் தளதளவென்று கொதித்த இளங்கோழி நாராகிறது. சிறு தீயில் சாறு சிலிர்த்துக்கொண்டிருந்தால் போதும். சதை வேகும், ஈரமும் நிற்கும். முற்றிய நாட்டுக்கோழிக்கோ வேறொரு தேவையும் உண்டு. அதன் சதையைக் கட்டியிருக்கும் இணைப்புத் திசு கூழாகி இளக நேரம் வேண்டும். அதற்கும் சிறு தீயே ஏற்றது. பொறுமைதான் கூடுதலாக வேண்டும். வெல்லமோ உப்பின் கூர்மையைத் தணிக்கிறது; சாறு வற்றும்போது கோழியின்மேல் பளபளப்பாகப் படிகிறது.

இனிச் செய்முறை. ஐந்தாறு பேருக்கு அளவு சொல்கிறேன். எழுதுகோல் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கோழி 1 கிலோ, பெரிய துண்டுகளாக. சோயா சாஸ் 100 மில்லிலிட்டர், அதாவது அரை டம்ளர். தண்ணீர் 500 மில்லிலிட்டர், இரண்டரை டம்ளர். பொடித்த வெல்லம் மூன்று மேசைக்கரண்டி. இஞ்சி இரண்டு விரல் நீளம், தட்டியது. பூண்டு ஆறு பல். பட்டை ஒரு துண்டு, அன்னாசிப்பூ ஒன்று. வெங்காயத்தாள் நான்கு. மல்லாட்டை எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. உப்பு கிடையாது, மீண்டும் சொல்கிறேன், உப்பு கிடையாது.

அடி கனத்த சட்டியில் எண்ணெயைக் காயவைத்து, இஞ்சியையும் பூண்டையும் மணம் வரும்வரை வதக்குங்கள். தண்ணீர், சோயா சாஸ், வெல்லம், பட்டை, அன்னாசிப்பூ இவற்றைச் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். பிறகு தீயைத் தணித்துப் பத்து நிமிடம் வைத்தால் மணமெல்லாம் சாற்றில் இறங்கும். இப்போது கோழித் துண்டுகளைப் போடுங்கள். சாறு மறுபடி கொதி வந்தவுடன் தீயை மிகவும் குறைத்து மூடிவிடுங்கள். எப்போதாவது ஒரு குமிழி எழுந்து உடைய வேண்டும், அதுவே அளவு. பண்ணைக் கோழியானால் முப்பது நிமிடம். இடையில் இரண்டு முறை துண்டுகளைப் புரட்டிவிடுங்கள். நாட்டுக்கோழியானால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். சாறு குறைந்தால் வெந்நீர் சேர்க்கலாம். தொடையின் தடித்த பகுதியில், எலும்பை ஒட்டிக் குத்திப் பாருங்கள். வழியும் நீர் சிவப்பின்றித் தெளிந்திருக்க வேண்டும். வெப்பமானி வைத்திருப்போர் 74 பாகை செல்சியசு காட்டுகிறதா என்று பார்க்கலாம்.

அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு துண்டுகளைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, சட்டியில் இருக்கும் சாற்றில் பாதியைத் தனியே எடுத்துவிட்டு, மீதியை நல்ல தீயில் வற்றவிடுங்கள். கரண்டியின் முதுகில் ஒட்டும் பதம் வந்ததும் கோழியின்மேல் ஊற்றுங்கள். இந்த இடத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. வெல்லம் கலந்த சாறு ஒரு கணத்தில் கருகிவிடும். வெங்காயத்தாளை அரிந்து தூவி, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் வேலை முடிந்தது. சீனர் வறுத்த எள்ளின் எண்ணெயை விடுவர், நம் செக்கு எண்ணெயின் மணம் அதைவிட மென்மையானது, ஆயினும் பொருந்தும்.

தூய்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பச்சைக் கோழி அரிந்த பலகையிலும் கத்தியிலும் வெங்காயத்தாளை அரியாதீர்கள். கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். தனியே எடுத்து வைத்த சாற்றை எறிய வேண்டா. வடிகட்டிக் கொதிக்கவைத்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் மறுபடி நன்றாகக் கொதிக்கவிட்டு, முட்டையோ மற்றொரு கோழியோ வேகவைக்கலாம். நேற்றைய மீன் குழம்பின் அருமை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த விடுமுறையில் நான் மறுபடியும் சமைத்தேன். இம்முறை என் தாயை அருகில் இருக்கும்படி வேண்டிக்கொண்டேன். ஆயா கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். கண் தெரியாவிட்டாலும் காது கேட்டது. "சத்தம் வருகிறது, தீயைக் குறை" என்று அங்கிருந்தே சொன்னார். குறைத்தேன். பட்டை மணமும் இஞ்சி மணமும் கூடத்துக்குப் போயின. பேச்சு நின்றுவிட்டது. தட்டை அவர் முன் வைத்தேன். ஒரு வாய் உண்டார். இன்னொரு வாய் உண்டார். "இஞ்சி போதாது" என்றார்.

மாணவர்களே, பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியபோதுகூட நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை. முதல் முறை 'நன்றாக இருக்கிறது' என்றவர், இரண்டாம் முறை குறை சொன்னார். குறை சொல்ல வேண்டுமானால் ஒப்பிடுவதற்கு ஒன்று வேண்டும். ரங்கூனில் அடுத்த வீட்டுச் சட்டியும் செஞ்சியில் எங்கள் சட்டியும் அந்த ஒரு கணம் அவர் நாவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இஞ்சி அளவில் மட்டும் வேற்றுமை.

மறு ஆண்டு ஆயாவுக்குக் கண் அறுவை மருத்துவம் நடந்தது. பார்வை தெளிந்து வீட்டுக்கு வந்த வாரத்தில் மூன்றாம் முறை சமைத்தேன். தட்டைப் பார்த்தவுடன், "நிறம் போதாது, சீனத்தக்கா செய்தால் முகம் தெரியும்" என்றார். அப்போதுதான் சோயா சாஸில் இரண்டு வகை உண்டு என்று தேடி அறிந்தேன். ஒன்று, நீர்த்ததாய், உப்பு மிகுந்தது; சுவைக்காக. மற்றொன்று, நெடுநாள் வைத்திருந்து, சர்க்கரைப் பாகின் நிறம் ஏற்றியது, கெட்டியானது, சற்றே இனிப்பது, நிறத்துக்காக. கிடைத்தால் இரண்டாவதில் ஒரு மேசைக்கரண்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் முகமும் தெரியும்.

நான் இந்தக் கதையைச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1962இல் இந்தியாவும் சீனமும் போரிட்டபோது, நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சீனக் குடும்பத்தினர் ஏறத்தாழ 3,000 பேர் இராஜஸ்தானத்தில் தேவ்லி முகாமில் அடைத்து வைக்கப்பட்டனர். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்தனர். அவர்கள் செய்த குற்றம், முகத்தின் சாயல். அதே பத்தாண்டில் பர்மாவில் தமிழர் வீடிழந்தனர். பின் சீனர் அடிபட்டனர். அரசுகளின் சண்டையில் அடுப்படிகள் அவிந்தன. ஆனால், ஓர் அடுப்பிலிருந்து மற்றோர் அடுப்புக்குப் போன கைப்பக்குவம் மட்டும் எந்தச் சுங்கச் சாவடியிலும் பிடிபடவில்லை. 1015இல் சோழர் தூதுக்குழு சீன அரசவைக்குச் சென்றது. 1281இல் சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ்க் கல்வெட்டு எழுந்தது. இவற்றை வரலாற்று நூலில் படிக்கிறீர்கள். சீனத்தக்காவின் பெயர் எந்த நூலிலும் இல்லை. என் நோட்டுப் புத்தகத்தில் மூன்று வரியாக மட்டும் இருக்கிறார்.

ஆதலால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஓர் ஆயா இருப்பார். அவர் நினைவில் ஒரு சுவை இருக்கும்; அது கொழும்பிலிருந்தோ, பினாங்கிலிருந்தோ, பக்கத்துக் கிராமத்திலிருந்தோ வந்திருக்கும். அதை அவரிடம் கேளுங்கள். 'கொஞ்சம்', 'ஒரு கை' என்று அவர் சொல்வதைக் கரண்டியால் அளந்து, கிராமாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரு முறை அவர் முன்னிலையிலேயே சமையுங்கள். அவர் 'நன்றாக இருக்கிறது' என்றால் நம்பாதீர்கள். குறை சொல்லும்வரை விடாதீர்கள்.

ஆயா 2003இல் மறைந்தார். இப்போது செஞ்சி மளிகைக் கடையிலேயே சோயா சாஸ் கிடைக்கிறது. கோட்டை பார்க்க வருவோர் கூடிவிட்டனர்; கடைவீதியில் சீனப் பெயர் தாங்கிய நூடுல்சுக்கும் குறைவில்லை. எங்கள் வீட்டில் ஆண்டுக்கு ஒரு நாள் அந்தக் கோழி வேகிறது. நல்லெண்ணெயை நாங்கள் இன்றும் அந்தப் பழைய புட்டியிலிருந்தே விடுகிறோம். இஞ்சியை மட்டும் ஒரு விரல் கூட்டிப் போடுகிறேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.